விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கம்பைலரோடு கூடிய ஒரே பைத்தான் சூழல்

பெங்களூரின் ஆய்வுக்கூடங்களில் தமிழ் மாணவர்கள் நிறையவே இருக்கிறார்கள். இந்திய அறிவியல் கழகத்திலோ கோரமங்கலாவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திலோ ஒரு குழுவில் சேர்ந்தவுடன் அவர்களுக்கு வரும் முதல் சிக்கல் பெரும்பாலும் அறிவியல் சார்ந்ததாக இருப்பதில்லை. வழிகாட்டி பல ஆண்டுகளாகக் காத்துவரும் போர்ட்ரான் (அறிவியல் கணக்குகளுக்கான பழைய நிரல்மொழி) நிரலைப் பைத்தானிலிருந்து அழைக்க வேண்டியிருக்கிறது. குழுவில் ஒருவரிடம் விண்டோஸ் மடிக்கணினி, இன்னொருவரிடம் மேக், மூன்றாமவரிடம் உபுண்டு லினக்ஸ். ஒருவரிடம் ஓடுவது மற்றவரிடம் ஓடுவதில்லை. மூவரிடமும் ஒரே மாதிரி இயங்கும் சூழலை அமைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்பின்படி தந்திருக்கிறேன். டெர்மினல் என்னும் கட்டளைத் திரையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

முதலில், கம்பைலர், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி, உங்களுக்குத் தேவைதானா என்பதைத் தீர்மானியுங்கள். பைத்தானில் அறிவியல் கணக்குகளுக்கான நூலகங்களுள் நம்பையின் உட்பகுதி சி மொழியிலும், சைபையின் உட்பகுதி சி, சி++, போர்ட்ரான், சைத்தான் (பைத்தானை சி-யோடு இணைக்கும் மொழி) ஆகியவற்றிலும் எழுதப்பட்டிருந்தாலும், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கருவி அவற்றை ஏற்கெனவே இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட வீல் என்னும் கோப்பாகவே இறக்கித் தருகிறது. ஆகவே அவற்றைப் பயன்படுத்த மட்டும் விரும்புகிறவருக்குக் கம்பைலர் வேண்டியதில்லை. சொந்தமாக சி, போர்ட்ரான், சைத்தான் நிரல் வைத்திருப்பவருக்கும், தம் பைத்தான் பதிப்புக்கு வீல் வெளிவராத தொகுப்பை நிறுவ வேண்டியவருக்குமே அது தேவைப்படும்.

தேவை என்றால், ஒரு விதியைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்: பைத்தான், நம்பை, கம்பைலர் மூன்றையும் ஒரே மூலத்திலிருந்து எடுங்கள். இயந்திர மொழிக்கு மாறிய இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று அழைக்க வேண்டுமானால், தரவு நினைவகத்தில் எந்த அமைப்பில் இருக்கிறது, எந்தத் துணை நூலகத்தின் எந்தப் பதிப்பு வேண்டும் என்பவற்றில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். நாம் சந்திக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒப்பந்தம் முறிவதால் வருபவை. 2024 ஜூனில் நம்பை 2.0 வெளிவந்தபோது இது எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்தது: நம்பை 1 வரிசையை வைத்துக் கட்டப்பட்ட தொகுப்புகள், எழுதிய நிரலில் ஒரு எழுத்தும் மாறாதிருந்தும், புதிய பதிப்பின்கீழ் இயங்க மறுத்தன. அவற்றை மறுபடி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்று இயங்குதளங்களிலும் இந்த விதியைக் கடைப்பிடிக்க ஏற்ற வழியாக நான் கருதுவது மினிஃபோர்ஜ். இது கோண்டா என்னும் தொகுப்பு நிர்வாகியையும், 2015 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் கோண்டா-ஃபோர்ஜ் களஞ்சியத்தையும் இணைத்துத் தருகிறது. கோண்டாவை உருவாக்கிய அனகோண்டா நிறுவனத்தின் சொந்தக் களஞ்சியமும் தரமானதே. ஆனால் 2020-இல் மாற்றிய விதிமுறைகளின்படி பெரிய நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கலாம் என்பதால், அலுவலகக் கணினியில் நிறுவும் பொறியாளர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மினிஃபோர்ஜை நிறுவும்போது, அது இருக்கும் பாதையில் வரும் எந்த உறையின் (ஃபோல்டரின்) பெயரிலும் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் பெயர் சூட்டிய உறைகள் மற்ற வேலைகளுக்குப் பொருத்தமானவையே. நிரல்கட்டும் பழைய கருவிகள் சில மட்டும் அவற்றைக் கண்டால் இடறுகின்றன.

அடுத்து, சூழலை விவரிக்கும் கோப்பு ஒன்றைக் கையால் எழுதுங்கள். என்விரான்மென்ட்.ஒய்எம்எல் என்று பெயரிட்டு, அதில் சூழலின் பெயர், களஞ்சியமாக கோண்டா-ஃபோர்ஜ் மட்டும், தேவைகளாக பைத்தான் 3.12, நம்பை, சைபை, மேட்பிளாட்லிப், சைத்தான், மெசான், நிஞ்ஜா, மெசான்-பைத்தான், பிப், இறுதியாக கம்பைலர்ஸ் என்னும் தொகுப்பு ஆகியவற்றைக் குறியுங்கள். கம்பைலர்ஸ் என்ற அந்த ஒற்றைப் பெயர், எந்தக் கணினியில் நிறுவுகிறோமோ அதற்குரிய கம்பைலர்களைத் தானே தேர்ந்துகொள்ளும். நிரல்கட்டும் கருவிகளான மெசானும் நிஞ்ஜாவும் எதற்கு என்று கேட்கலாம். அதே வேலைக்காகப் பைத்தானோடு வெகுகாலம் வந்துகொண்டிருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் 2023-இல் வெளியான 3.12 பதிப்பில் நீக்கப்பட்டது. அதனால் நம்பையும் சைபையும் மெசானுக்கு மாறின, போர்ட்ரானைப் பைத்தானோடு இணைக்கும் எஃப்2பை கருவியும் இப்போது அதையே நம்பியிருக்கிறது. பழைய பயிற்சிக் குறிப்புகளைப் பின்பற்றுகிறவர்கள் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள்.

இயங்கிக்கொண்டிருக்கும் சூழலை கோண்டா வழியாக ஏற்றுமதி செய்து அந்தக் கோப்பை நண்பருக்கு அனுப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் உங்கள் இயங்குதளத்துக்கே உரிய கட்டமைப்பு எண்களும் துணை நூலகங்களும் கலந்திருப்பதால், வேறு இயங்குதளத்தில் அது பெரும்பாலும் தோற்றுவிடும். கையால் எழுதிய சிறிய கோப்புதான் மூன்றிலும் செல்லும். பதிப்புகளைத் துல்லியமாகப் பூட்ட வேண்டியவர்கள் கோண்டா-லாக் கருவியைக் கொண்டு ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனிப் பூட்டுக்கோப்பு உருவாக்கிக்கொள்ளலாம்.

லினக்ஸில் வேலை எளிது. கோப்பு இருக்கும் உறையில் நின்று, கோண்டா என்வ் கிரியேட் என்று தட்டி, ஒரு சிறுகோடு இட்டு எஃப் என்ற தெரிவையும் அடுத்துக் கோப்பின் பெயரையும் கொடுத்து, பிறகு கோண்டா ஆக்டிவேட் என்ற கட்டளையோடு சூழலின் பெயரைத் தந்தால் போதும். அப்படி உள்ளே நுழையும்போது சிசி, சிஎக்ஸ்எக்ஸ், எஃப்சி என்ற சூழல் மாறிகள் கோண்டாவின் கம்பைலர்களைச் சுட்டும்படி தாமாக அமைகின்றன. ஏற்கெனவே நுழைந்திருந்த சூழலில் கம்பைலரைப் பிறகு சேர்த்தால், வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். உபுண்டுவோடு வரும் பைத்தானை மட்டும் தொடாதீர்கள். அது இயங்குதளத்தின் சொந்த வேலைக்கானது, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் 12-ஆம் பதிப்பு முதல் பிப் அதில் நிறுவ முயன்றால் தடுக்கப்படுகிறது. இயங்குதளத்தின் ஜிசிசி கம்பைலரையும் கோண்டாவின் நம்பையையும் கலந்துவிட்டு, ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் பதிப்பு கிடைக்கவில்லை என்ற பிழைச்செய்தியோடு மாலை முழுவதும் போராடுவோர் பலர். மேலே சொன்ன விதியை மீறியதன் விளைவு அது.

மேக்கில் முதலில் எக்ஸ்கோட்-செலக்ட் கட்டளையோடு, இரண்டு சிறுகோடுகள் இட்டு இன்ஸ்டால் என்று தட்டி, ஆப்பிளின் கட்டளைவரிக் கருவிகளை நிறுவுங்கள். கோண்டாவின் கம்பைலருக்குத் தேவையான தலைப்புக் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. ஆப்பிள் தருவது க்ளாங் கம்பைலர். ஜிசிசி என்று தட்டினாலும் அதுவே இயங்கும். அதில் போர்ட்ரான் இல்லை, பல உள்ளகங்களில் (கோர்களில்) ஒரே நேரத்தில் கணக்கிட உதவும் ஓபன்எம்பியும் தானாகக் கிடைப்பதில்லை. இரண்டையும் கோண்டா-ஃபோர்ஜ் நிரப்புகிறது. 2020 இறுதியில் எம்1 சில்லு வந்தபின் இன்னொரு கவனம் தேவையாயிற்று: பழைய இன்டெல் மேக்கிலிருந்து எல்லாவற்றையும் புதிய கணினிக்கு மாற்றியவர்களிடம் பழைய கோண்டாவும் கூடவே வந்து, இன்டெல் நிரல்களை ஆப்பிள் சில்லில் ஓட்டும் ரோசெட்டாவின் துணையோடு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பைத்தானுக்குள் பிளாட்ஃபார்ம் கூறின் (மாட்யூலின்) மெஷின் செயற்பாட்டை அழைத்துப் பாருங்கள். ஆர்ம்64 என்று வந்தால் சரி. எக்ஸ்86_64 என்று வந்தால் பழையதை நீக்கி, ஆப்பிள் சில்லுக்கான மினிஃபோர்ஜைப் புதிதாக நிறுவுங்கள்.

விண்டோஸில்தான் நேரம் பிடிக்கும். அங்கே பைத்தான் மைக்ரோசாஃப்டின் கம்பைலரால் கட்டப்பட்டது. ஆகவே உங்கள் சி நிரலையும் அதனாலேயே கட்டுவது பாதுகாப்பானது. விசுவல் சி++ 14.0 அல்லது அதற்கு மேற்பட்டது தேவை என்று பிப் நிறுத்திவிட்டால், விசுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸை இறக்கி, அதில் சி++ கொண்டு டெஸ்க்டாப் நிரல் எழுதுவதற்கான பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பல ஜிபி அளவுள்ளது என்பதால் விடுதி வைஃபையில் இரவு முழுவதும் ஓடவிடுவது நல்லது. உரிமக் கட்டுப்பாட்டால் கோண்டா அந்தக் கம்பைலரைத் தானே வழங்க முடியாது. நீங்கள் நிறுவியதைத் தேடிப் பிடித்து இணைக்கும் வேலையை மட்டுமே செய்யும். இதோடு சி நிரல்களுக்கு வழி பிறந்துவிடும். ஆனால் சி99-இல் உள்ள கலப்பெண் வகையை அந்தக் கம்பைலர் ஏற்பதில்லை, போர்ட்ரானும் அதில் இல்லை. அறிவியல் நிரல்களில் இந்த இரண்டுமே அடிக்கடி வருபவை.

ஆகவே போர்ட்ரான் தேவைப்படும் விண்டோஸ் பயனர்களுக்கு என் பரிந்துரை, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2 வழியாக உபுண்டுவை உள்ளே நிறுவி, மேலே லினக்ஸுக்குச் சொன்னதை அப்படியே செய்வதுதான். நிர்வாகி உரிமையோடு திறந்த பவர்ஷெல்லில் டபிள்யூஎஸ்எல் என்ற கட்டளையோடு, இரண்டு சிறுகோடுகள் இட்டு இன்ஸ்டால் என்று தட்டினால் போதும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் விர்ச்சுவலைசேஷன் முடக்கப்பட்டிருந்தால் முதலில் அதை இயக்க வேண்டும். உள்ளே சென்றபின், விண்டோஸுக்கான மினிஃபோர்ஜை அல்லாமல் லினக்ஸுக்கான மினிஃபோர்ஜை நிறுவுங்கள். உங்கள் நிரல்களையும் தரவையும் லினக்ஸின் ஹோம் உறையிலேயே வையுங்கள். சி டிரைவில் வைத்துக்கொண்டு அங்கிருந்து படித்தால், சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது வேகம் வெகுவாகக் குறையும்.

சூழல் அமைந்துவிட்டதா என்பதை உண்மையான வேலை ஒன்றைக் கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். ஓர் அணியின் உறுப்புகளைக் கூட்டித் தரும் சிறிய போர்ட்ரான் துணைநிரலை எழுதி, எஃப்2பை கட்டளைக்கு சி, எம் என்ற இரு தெரிவுகளையும் தனித்தனியே சிறுகோடு இட்டுத் தந்து, எம்-ஐ அடுத்துக் கூறின் பெயரையும் கோப்பின் பெயரையும் கொடுத்துக் கட்டுங்கள். கிடைக்கும் கூறைப் பைத்தானில் இறக்குமதி செய்து, அதன் விடையை நம்பையின் சம் செயற்பாட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு நம்பையின் ஷோ_கான்ஃபிக் செயற்பாட்டை அழைத்து, அணிக் கணக்குகளுக்கு எந்த நூலகம் பின்னால் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மடிக்கணினிகளில் கடைசித் தசம இலக்கங்கள் சற்றே வேறுபடும்போது காரணம் தேட அந்தக் குறிப்பு உதவும்.

உங்கள் சொந்தத் தொகுப்பை பிப் கொண்டு நிறுவும்போது, இரண்டு சிறுகோடுகள் இட்டு நோ-பில்ட்-ஐசொலேஷன் என்ற தெரிவைச் சேர்க்க மறவாதீர்கள். அது இல்லாவிட்டால் பிப் தற்காலிகமாக ஒரு தனிச் சூழலை உருவாக்கி, இணையத்திலிருந்து வேறொரு நம்பையை இறக்கி, அதை வைத்து உங்கள் நிரலைக் கட்டிவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்து ஒரே மூலத்திலிருந்து சேர்த்தவை ஓரமாக நிற்கும்.

ஒரே மூலம் என்ற இந்த விதிக்கு நான் ஏற்கும் விலக்கு ஒன்று உண்டு. மடிக்கணினியில் சரிபார்த்த நிரல் பிறகு பெரிய கணினிக்குப் போகும். இந்திய அறிவியல் கழகத்தில் 2022-இல் நிறுவப்பட்ட 3.3 பெட்டாஃப்ளாப் திறன் கொண்ட பரம் பிரவேகா போன்ற மீக்கணினிகளில் நிர்வாகி உரிமை பயனருக்குக் கிடைக்காது, ஆனால் கோண்டாவுக்கு அது தேவையும் இல்லை. அதே கோப்பைக் கொண்டு உங்கள் ஹோம் உறையில் சூழலைக் கட்டலாம். பல கணுக்களில் (மீக்கணினிக்குள் இருக்கும் தனிக் கணினிகளில்) பரவி ஓடி, எம்பிஐ நூலகம் வழியாக ஒன்றோடொன்று தரவு பரிமாறும் நிரல்களுக்கு மட்டும் கோண்டாவின் எம்பிஐயை விட்டுவிட்டு, அந்தக் கணினியின் நிர்வாகிகள் அமைத்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். கணுக்களை இணைக்கும் அதிவேக வலையமைப்புக்கு ஏற்ப அது சீராக்கப்பட்டிருக்கும். அதன் எம்பிஐசிசி கம்பைலரைக் கொண்டு பைத்தானிலிருந்து எம்பிஐயை அழைக்கும் எம்பிஐ4பை தொகுப்பை மூலநிரலிலிருந்து கட்ட வேண்டும். ஓடவிடும் முன் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் என்ற சூழல் மாறியை 1 என்று அமையுங்கள்; இதன் பெயரை மட்டும் ஆங்கிலப் பேரெழுத்துகளில் தட்ட வேண்டும். இல்லையென்றால் எம்பிஐயின் ஒவ்வொரு செயல்முறையும் கணுவின் எல்லா உள்ளகங்களையும் தனக்கே பிடித்துக்கொள்ள முயன்று, உங்கள் பணியே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.