நேற்றிரவு நன்றாக இருந்த முயல் காலையில் இறந்து கிடந்தால்

முதலில் இறந்துவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். உடல் வெப்பம் இறங்கி அதிர்ச்சியில் கிடக்கும் முயல், தொட்டால் சில்லென்று, அசைவே இல்லாமல் இருக்கும். இடது முழங்கைக்குப் பின்னால், மார்பின் அடிப்பக்கம் இரண்டு விரலை வைத்து, இதயம் துடிக்கிறதா என்று ஒரு நிமிடம் முழுதாகப் பாருங்கள். ஈரப் பஞ்சின் நுனியால் கருவிழியை மெல்லத் தொட்டு, இமை அசைகிறதா என்றும் கவனியுங்கள். உடல் விறைத்திருந்தால் சந்தேகமில்லை. லேசான துடிப்பு தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அடுத்தது ஒரு முடிவு, அதை அழுகையோடு அழுகையாக முதல் ஒரு மணி நேரத்திலேயே எடுத்தாக வேண்டும்: சாவின் காரணம் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? வீட்டில் வேறு முயல் இருந்தால் பிரேதப் பரிசோதனை செய்துவிடுவதே நல்லது. ஒற்றை முயல் என்றால் அது உங்கள் விருப்பம். வேண்டாம் என்று விட்டுவிடுவதும் அன்புக் குறைவு ஆகாது.

வேண்டும் என்றால் உடலை உடனே குளிர வையுங்கள். அடர்ந்த உரோமம் இறந்த பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். குடலில் தீவனம் நொதித்துக்கொண்டே இருக்கும். அதனால் மற்ற பிராணிகளைவிட முயலின் உள்ளுறுப்பு சீக்கிரம் கெடும், சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம். இரண்டு பிளாஸ்டிக் பையில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பைகளுக்கு நடுவே வையுங்கள். ஐஸ் உடலில் நேராகப் படாதபடி செய்தித்தாள் சுற்றுங்கள். சாப்பாடு இல்லாத குளிர்சாதனப் பெட்டி இருந்தால் 4 டிகிரியில் வைக்கலாம். ஃப்ரீசரில் மட்டும் வைக்கவே கூடாது. உறையும் நீர் திசுக்களைக் கிழித்துவிடும். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தாலும் எதையும் சரியாகச் சொல்ல முடியாது. 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள்.

தமிழ்நாட்டில் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் நோயியல் துறையிலோ, உங்கள் மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிலோ முதலில் போனில் கேளுங்கள். போகும்போது கடைசி மூன்று நாள் கொடுத்த தீவனப் பட்டியல், அந்தத் தீவனத்தில் ஒரு கைப்பிடி, கொடுத்த மருந்துகள், புழுக்கையின் படம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் பூச்சிமருந்து அடித்தது, பெயின்ட் அடித்தது, தெருநாய் கூண்டருகே வந்தது எல்லாவற்றையும் சொல்லுங்கள். உறுப்புத் துண்டுகளை ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) எடுத்து வைப்பார்களா என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இல்லாதபோது அந்தத் துண்டுகள்தான் காரணத்தைக் காட்டக்கூடும். அதிலும் தெரியாமல் போகலாம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

உடலைப் பார்த்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம். வயிறு உப்பியிருப்பது இறந்த பிறகு சேர்ந்த வாயுவாக இருக்கலாம். மூக்கில் இரத்தம் என்றால் வைரஸால் பரவும் முயல் இரத்தக்கசிவு நோயாக இருக்கலாம், வெயில் தாக்கியதாகவும் இருக்கலாம். திடீர்ச் சாவில் அடிக்கடி தெரியவருபவை: குடல் இயக்கம் நின்றுபோதல், வயிறு உப்புதல், 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம், பால்மறந்த குட்டிகளுக்கு காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியால் வரும் கழிச்சல், கருப்பை நீக்காத வயதான பெண் முயலுக்குக் கருப்பைப் புற்று. மனிதர் கையாலும் நேர்வதுண்டு. குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் (ஆன்டிபயாடிக்) சிரப்பை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து, நச்சுக் கிருமி பெருகி முயல் இறந்துவிடக்கூடும். நாய்க்குத் தடவும் ஃபிப்ரோனில் உண்ணி மருந்தும் முயலுக்கு விஷம். அப்படி ஏதாவது நடந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மிச்சமிருக்கும் முயலை அது காப்பாற்றும்.

“ராத்திரி கூட நல்லா சாப்பிட்டுச்சே” என்பதுதான் மனதை அதிகம் அரிக்கும். முயல் பிறர்க்கு இரையாகும் பிராணி. நோயைக் காட்டிக்கொண்டால் பருந்தும் நரியும் அதைத்தான் குறிவைக்கும் என்பதால் கடைசி வரை சாதாரணமாக நடந்துகொள்வது அதன் இயல்பு. ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அன்று உங்களுக்குத் தெரிந்ததையும், மறுபக்கம் இறந்த பிறகு தெரிந்ததையும் எழுதுங்கள். குற்றவுணர்ச்சியில் பெரும்பகுதி இரண்டாம் பக்கத்திலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியும். “ஒரு முயலுக்குப் போயா?” என்று கேட்பவர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.

குழந்தைகளிடம் “தூங்குது” என்று சொல்லக் கூடாது, பிறகு அவர்கள் தூங்கவே பயப்படுவார்கள். “செத்துப்போச்சு, இனி அதுக்கு வலிக்காது, திரும்பி வராது” என்று நேராகச் சொல்லுங்கள். பார்க்க விரும்பினால் பார்க்கட்டும்.

புதைக்கும்போது பிளாஸ்டிக் வேண்டாம், பருத்தித் துணி போதும். கிணற்றுக்குத் தள்ளி மூன்றடி ஆழம் தோண்டி, நாய் தோண்டாமல் இருக்க மேலே கல் வையுங்கள். நினைவுக்குக் கொஞ்சம் உரோமம் வேண்டுமென்றால், தொற்றுநோய்ச் சந்தேகம் இல்லாதபோது மட்டும் முன்பே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கூண்டில் அலட்சியம் கூடாது. முதலில் புழுக்கையையும் சிறுநீர்ப் படிவையும் சோப்புத் தண்ணீரால் முழுக்கக் கழுவுங்கள். சிறுநீரின் மேல் ப்ளீச் ஊற்றினால் நச்சுவாயு கிளம்பும். பிறகு திரவ ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து பத்து நிமிடம் ஊற விட்டுக் கழுவுங்கள். காக்சிடியா முட்டைகள் ப்ளீச்சுக்குச் சாகாது. கொதிநீரும் வெயிலில் நன்றாகக் காய்வதும் வேண்டும். ஊறிய மரப்பலகையை எரித்துவிடுவதே மேல். இரத்தக்கசிவு நோய்க் கிருமி உலர்ந்த பொருளில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், துணியிலும் செருப்பிலும் தொற்றிப் போகும். அதனால் காரணம் தெரியாமல் புது முயல் வாங்காதீர்கள்.

ஜோடியாக இருந்த முயலுக்கு இறந்ததன் உடலைச் சிறிது நேரம் மோந்து பார்க்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் நாள்கணக்கில் தேடும். ஏற்கெனவே ஒரே கூண்டில் இருந்தவை என்பதால் இதில் புதிதாக ஆபத்து வராது. அதற்குப் பிடித்த கீரையைக் கையில் கொடுங்கள், உலர்புல்லை எப்போதும் வையுங்கள், காலை மாலை புழுக்கையை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாவிட்டாலோ புழுக்கை சிறுத்தாலோ துக்கம் என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.