லினக்ஸில் ஒலி வரவில்லையா? டிரைவரைத் தேடும் முன் பார்க்க வேண்டியவை

லினக்ஸில் ஒலி அட்டைக்கான டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே, அல்சா என்ற பகுதியில் இருப்பதால், பெரும்பாலும் தனியாக எதையும் இறக்கி நிறுவ வேண்டியதில்லை. ஒலி எந்த இடத்தில் தடைபடுகிறது என்று கண்டுபிடிப்பதே வேலை. கீழ்க்காணும் படிகள் கினோம் இடைமுகம் கொண்ட டெபியன் 12 என்ற லினக்ஸ் வகைக்காக எழுதப்பட்டவை.

முதலில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், கணினிக்குள் இருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை, ஒரு சிறு கோட்டுடன் சிறிய எழுத்து 'கே' சேர்த்து இயக்குங்கள். ஆடியோ என்ற சொல் வரும் பத்தியில் 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால், டிரைவர் அட்டையைப் பற்றிக்கொண்டுவிட்டது என்று பொருள். (யூஎஸ்பி ஹெட்செட் இந்தப் பட்டியலில் வராது, அதற்கு எல்எஸ்யூஎஸ்பி கட்டளை.)

டிரைவர் இருந்தும் செட்டிங்ஸில் 'டம்மி அவுட்புட்' (போலி வெளியீடு) மட்டுமே தெரிந்தால், நிர்வாகி அனுமதி தரும் சூடோவை முன்னால் சேர்த்து, கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையை இயக்கி, 'சாஃப்' (எஸ்ஓஎஃப்) என்று தொடங்கும் பிழைகளைத் தேடுங்கள். அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றுக்கு, ஒலிச் சில்லுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் கோப்பும் தேவை; அது கிடைக்கவில்லை என்று அங்கே எழுதியிருந்தால், 'ஃபர்ம்வேர்-சாஃப்-சைன்ட்' தொகுப்பை நிறுவிக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

பிழை எதுவும் இல்லையெனில், ஒலி அளவுகளைப் பட்டைகளாகக் காட்டும் அல்சாமிக்சரை டெர்மினலில் திறக்க வேண்டும். புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான்: திறந்ததும் தெரியும் ஒற்றை 'மாஸ்டர்' பட்டை உண்மையான அட்டையுடையது அன்று. எஃப்6 விசையை அழுத்தி உங்கள் அட்டையைத் தேர்ந்தெடுத்த பிறகே மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர் எனப் பட்டைகள் வரிசையாகத் தெரியும். ஒரு பட்டையின் அடியில் 'எம்எம்' என்று இருந்தால் அது ஊமையாக்கப்பட்டிருக்கிறது. அம்புக்குறியால் அங்கே சென்று 'எம்' விசையைத் தட்டினால் அது 'ஓஓ' என மாறும். டிரைவர் கோளாறு என்று என்னிடம் வந்தவற்றில் பல இந்த இரண்டு எழுத்துகளோடு முடிந்துபோயின. வலப்பக்கம் நகர்ந்தால் 'ஆட்டோ-மியூட் மோட்' தெரியலாம். ஹெட்போன் துளை பழுதாகி, எதுவும் செருகாதபோதும் செருகியதாகக் கணினி எண்ணிக்கொண்டால், இதை 'டிசேபிள்ட்' ஆக்குவது ஸ்பீக்கரை மீட்கும்.

அடுத்து, செட்டிங்ஸின் ஒலிப் பகுதியில் வெளியீடு எச்டிஎம்ஐ-க்குப் போய்க்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் இல்லாத மானிட்டருக்குப் போகும் ஒலி யார் காதிலும் விழாது.

எல்லாம் சரியாக இருந்தும் மௌனம் நீடித்தால், செயலிகளின் ஒலியை அட்டைக்குக் கொண்டுசெல்லும் பைப்வயர், அதை நிர்வகிக்கும் வயர்பிளம்பர் ஆகிய இரு சேவைகளையும், சேவைகளைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் 'யூசர்' தெரிவைச் சேர்த்து மறுதொடக்கம் செய்யுங்கள். அவை உங்கள் பயனர் கணக்கில் இயங்குபவை என்பதால், இங்கே சூடோ சேர்க்கக் கூடாது.