கத்திரிப்பூப் புடவை நீலமானது: வாட்டர்கலரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு காலையில் மயிலாப்பூர் தெப்பக்குளம் பக்கம் உட்கார்ந்து படம் போடுவது என் வழக்கம். போன வாரம், புதிதாகக் கற்கும் ஒரு பெண் அங்கே காகிதப்பூக் கொடியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நல்ல கை. பக்கத்தில் கிடந்த டியூபைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு.

பிரஷ்ஷைத் தண்ணீரில் ஊறப் போடாதே, அழுக்குத் தண்ணீரை மாற்று என்பதெல்லாம் நாலு நாளில் தானாகவே பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெளுக்கும் நிறத்தில் வரைந்து விற்பது

பல வருடங்களுக்கு முன் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்காகத் தம்பதியை வரைந்து கொடுத்தேன். அம்மாவுக்குக் கத்திரிப்பூ நிறப் பட்டுப்புடவை. அலிசரினோடு அல்ட்ராமரின் நீலத்தைக் கலந்து, வாஷாக, அதாவது தண்ணீரில் கரைத்த மெல்லிய பூச்சாக, மூன்று முறை ஏற்றினேன். ஃபிரேம் போட்டுக் கூடத்தில், ஜன்னலுக்கு எதிரே மாட்டினார்கள். ஒன்றரை வருடம் கழித்து அந்த அம்மா ஃபோன் செய்தார். "நான் கட்டியிருந்தது கத்திரிப்பூ கலர் தம்பி. இப்போ நீலமா இருக்கே?"

சிவப்பு போய்விட்டது, நீலம் மட்டும் நின்றுவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, படத்தையும் மறுபடி போட்டுத் தந்தேன். இன்று வரை எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. விவரம் டியூபிலேயே இருந்தது. நான் படிக்கவில்லை.

டியூபின் முன்னால் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். பின்னால் பொடி எழுத்தில் நிறமியின் எண் இருக்கும். பி.ஆர். 83 என்றிருந்தால் அது அசல் அலிசரின். சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரில் இருப்பதும் அலிசரின்தான். ஆனால் தாளில் மெல்லிய வாஷாக ஏற்றினால் வெயிலுக்கு நிற்காது. அதற்குப் பதில் பி.வி. 19 என்ற குவினாக்ரிடோன் வாங்குங்கள். ஓவியர் வான்கா 1888இல் வரைந்த படுக்கையறைச் சுவர்களும் முதலில் ஊதாவாகத்தான் இருந்தன. சிவப்பு வெளுத்து, இன்று நீலமாகத் தெரிகின்றன.

வெளுக்கும் நிறங்களில் ஓபெரா பிங்க் இன்னொன்று. அதன் பளபளப்பு ஒளிரும் சாயத்தால் வருவது, முதலில் போவதும் அதுதான். புத்தகத்துக்குப் படம் போடுபவர்கள் "அச்சுக்குத்தானே, வெளுத்தால் என்ன" என்பார்கள். அந்தப் பளபளப்பு ஸ்கேனிலும் வராது, நான்கு வண்ண அச்சிலும் வராது.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். தாளில் எல்லா நிறங்களையும் பட்டை பட்டையாகத் தீட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். நம் ஊர் வெயில் உண்மையைச் சொல்லிவிடும். அந்தப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன்.

தாளில் மிச்சம் பிடிப்பது

வண்ணத்தில் நாலு டியூபைக் குறைத்துக்கொள்ளுங்கள், தாளில் வேண்டாம். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), முழுப் பருத்தி.

ஈரம் காய்வதற்குள் திருத்துவது

கையை எடுங்கள். காயட்டும்.

ஸ்கேன் எடுக்காமல் அசலைக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். அந்தப் புடவையை மறுபடி தீட்ட உட்கார்ந்தபோது, முதலில் எந்த நிறத்தில் இருந்தது என்று பார்த்துக்கொள்ள என்னிடம் ஒரு ஃபோட்டோகூட இல்லை.