பதினைந்து வயதுப் பிள்ளையோடு நூதனசாலைக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்தம் போடாதே, கண்ணாடியைத் தொடாதே என்பதையெல்லாம் வாசலில் நிற்கும் காவலரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாதவை மட்டும் இங்கே. தேயிலைத் தோட்டப் பாடசாலைகளிலிருந்து முதல் தடவையாகப் பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டி வருகிற ஆசிரியர்களும் பெற்றோரும் வருடா வருடம் செய்கிறவை.

நூதனசாலையைக் கடைசியில் வைப்பது

காலையில் பேராதனைப் பூங்கா, மத்தியானம் தலதா மாளிகை, மூன்றரை மணிக்கு நூதனசாலை. 147 ஏக்கர் பூங்காவைச் சுற்றிய கால் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்காது, உட்கார இடம் தேடும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். கண்டி தேசிய நூதனசாலை தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே, முன்பு அரசிகள் வாழ்ந்த பல்லே வாஹலையில் இருக்கிறது. முதலில் அது, அடுத்து மாளிகை, பூங்கா கடைசி. உள்ளே 45 நிமிடம் போதும். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பல நூதனசாலைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

கொப்பியில் எழுதச் சொல்வது

பார்க்கவே பொறுக்காத தவறு இதுதான். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வரணும், திங்கக்கிழமை கொப்பி பார்ப்பேன்" என்று ஆசிரியர் சொல்லிவிடுவார். அதோடு முடிந்தது. நாற்பது தலைகளும் பெயர்ப்பலகைகளின் மேல் குனிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி மட்டும் எழுதுவாள், மற்றவர்கள் அவள் கொப்பியைப் பார்த்து எழுதுவார்கள். 'தந்தச் சீப்பு' என்று எழுதிய பிள்ளையிடம் அதில் என்ன செதுக்கியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள், முழிக்கும். பெயரை வாசித்ததுமே 'தெரிந்துவிட்டது' என்று மனம் அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. அதிபரிடம் காட்ட ஏதாவது வேண்டும் என்பது புரிகிறது. அதற்காக ஒரு முழு நாளைப் பலி கொடுப்பதா?

பன்னிரண்டு பக்கக் குறிப்புக்குப் பதில் ஒரே பொருள், இருபது நிமிடம். கண்டிக்கு அருகே உள்ள தெகல்தொருவை குகை விகாரையை எடுத்துக்கொள்வோம். கண்டி மன்னன் கீர்த்தி ஶ்ரீ இராஜசிங்கன் காலத்துச் சுவரோவியங்கள், 18ஆம் நூற்றாண்டு. உள்ளே போனதும் இருட்டாகத் தெரியும். கண் பழக மூன்று நிமிடம் விடுங்கள். அடுத்த இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது, நீங்களும்தான். பிறகு இரண்டே கேள்விகள்: "இதுல என்ன நடக்குது?", "எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?" முதல் கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். இரண்டாவதுதான் கண்ணைச் சுவருக்குத் திருப்பி அனுப்பும்.

"ஆளுங்க எல்லாம் ஒரே மாதிரி இருக்காங்க சேர், நிழலே இல்ல" என்று யாராவது சொல்வான். திருத்தாதீர்கள். சித்திரப் பாடத்தில் நிழல் போடப் பழகியவனுக்கு இது பிழையாகத்தான் தெரியும். "அந்த ஆளு எத்தனை தடவை வர்றாரு?" என்று மட்டும் கேளுங்கள். எண்ணத் தொடங்கினால், ஒரே ஆள் ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப வருவதும், நடுவில் நிற்கும் மரமோ வீடோ ஒரு காட்சியை அடுத்ததிலிருந்து பிரிப்பதும் பிடிபடும். சித்திரக்கதை வாசிக்கிற பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அடுத்து எட்டு நிமிடம் பென்சில் வேலை. ஒரு உருவம் போதும், சுவர் முழுவதும் வேண்டாம். வரைந்து முடித்ததும் நிறத்தைப் பற்றிப் பேசுங்கள். கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி, வெள்ளைக்குக் களிமண், சிவப்புக்கு நாட்டு மருந்துக் கடையில் தெரிந்த அதே சாதிலிங்கம். சிங்களத்திலும் அதற்கு அதே பெயர்தான். சுவரில் இருக்கும் வெஸ்ஸந்தர ஜாதகம் புத்தரின் முற்பிறவிக் கதை, பெற்ற பிள்ளைகளையே தானமாகக் கொடுத்த இளவரசனின் கதை என்பதை எல்லாவற்றுக்கும் பிறகு சொல்லுங்கள். இந்த வயதில் அதைக் கேட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால் திரும்பும் வழியில் பஸ்ஸில் மூன்று வரி.

பேனா

பென்சில் மட்டும். 2பி, ஆளுக்கொரு அட்டை.

பிளாஷ்

நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

புத்தர் சிலைக்கு முதுகு காட்டிச் செல்பி

பொலிஸ் வரை போகும்.

அம்மா பக்கத்திலேயே நிற்பது

அம்மா காது கேட்கும் தூரத்தில் இருந்தால் பிள்ளை வாய் திறக்காது. கூட்டாளியோடு பத்து நிமிடம் தனியே விடுங்கள். ஒரே நிபந்தனை: ஆளுக்கொரு பொருளை மனதில் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்து, ஏன் பிடித்தது, அல்லது ஏன் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பிடிக்காததைச் சொல்ல விட்டால்தான் பேச்சு சூடாகும்.

"நம்ம ஆளுகளுக்கு இதுல என்ன இருக்கு" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போவது

தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கண்டிக்கு அருகே உள்ள கடலாதெனிய விகாரையை 1344இல் கட்டியவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. பக்கத்து இலங்காதிலக விகாரையில் பாறையில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கம்பளைக்கு அருகே, தொழிலாளர் குடியிருந்த பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளர் நூதனசாலை இருக்கிறது. பலர் கண்டி ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்கு மட்டும் போய்விட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஹந்தானையும் பார்க்க வேண்டியதுதான். 1925இல் கட்டிய தொழிற்சாலைக்குள் பழைய இயந்திரங்கள், இலங்கையில் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்கள். ஆனால் ஹற்றனிலிருந்து வருகிறவர்களுக்குக் கம்பளை வழியில்தான் இருக்கிறது, முதலில் அங்கே இறங்குங்கள். லயக் காம்பராவைப் பார்த்துவிட்டு ஹந்தானைக்கு வரும் பிள்ளை, கொழுந்து அரைக்கும் இயந்திரத்தின் முன் நின்று, "இதுக்குக் கொழுந்து எடுத்த ஆளுங்க எங்க?" என்று தானாகவே கேட்கும்.