பேரன்ட்ஸ் கடல் ஆய்வுக் கப்பலில் மீன் அளக்கப் போகிறவருக்கு

கேப்பலின் என்பது ஒரு சாணுக்குள் அடங்கும், பக்கவாட்டில் வெள்ளியாக மின்னும் ஒரு மீன். நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் செப்டம்பர் வாக்கில் பிடிபடும் கேப்பலின் 14 செ.மீ.க்கு மேல் இருந்தால், வரும் வசந்தத்தில் முட்டையிடப் போகும் மீன் என்று கணக்கில் சேரும். அதற்குக் குறைந்தால் இன்னும் வளர வேண்டிய மீன் என்று ஒதுக்கப்படும். முட்டையிட எஞ்சும் மீன்களின் மொத்த எடை 2,00,000 டன்னுக்குக் கீழே இறங்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நார்வே–ரஷ்யக் கூட்டு மீன்வள ஆணையம் பின்பற்றும் விதி; விதி இடம் கொடுக்காத ஆண்டுகளில் மீனவர்களுக்குக் கேப்பலின் ஒதுக்கீடே கிடைப்பதில்லை. இந்தக் கணக்கின் அடிமட்டத்தில் நிற்பவர், ஆடும் கப்பலில் நள்ளிரவு இரண்டு மணிக்கு, ஈரக் கையுறையோடு அந்த மீனை அளவுப் பலகையில் கிடத்துபவர். அந்த வேலைக்கு முதன்முறை போகிறவருக்காகவே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

பெர்கன் நகரிலுள்ள நார்வே கடல் ஆய்வு நிறுவனமும் மூர்மான்ஸ்க் நகரிலுள்ள ரஷ்ய நிறுவனமும் 2004 முதல் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் இந்தக் கடலைக் கூட்டாக ஆய்ந்து வருகின்றன. ஏறத்தாழ 16 லட்சம் சதுர கி.மீ. பரப்பும், சராசரியாக 230 மீட்டர் ஆழமும் கொண்ட கடல் இது. பல கப்பல்கள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டுதான் இதைச் சுற்றி முடிக்க முடியும். காட், ஹேடக் மீன்களை மையமாகக் கொண்ட குளிர்கால ஆய்வு இதைவிடப் பழையது. 1981 முதல் நடக்கிறது. முதல் பயணத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், தயங்காமல் இலையுதிர் காலத்தையே சொல்வேன். இருட்டும் உறைபனியும் கடல் மயக்கமும் ஒரே வாரத்தில் ஒருவரைத் தாக்க வேண்டியதில்லை.

புறப்படுவதற்கு முன்

மருத்துவச் சான்று, அவசரத் தொடர்பு எண், ஒவ்வாமை விவரம் ஆகியவற்றைப் பெரும்பாலும் முன்கூட்டியே கேட்பார்கள். மருத்துவரிடம் நேரம் வாங்குவதற்குச் சில வாரங்கள் ஆகக்கூடும் என்பதால், பயணம் உறுதியான அன்றே அதைத் தொடங்கிவிடுங்கள். நீர் புகாத மேலாடை, தோள்வார் வைத்த கால்சட்டை, இரும்பு முனை வைத்த ரப்பர் பூட்ஸ் ஆகியவை கப்பலிலேயே கிடைக்கும். நீங்கள் கொண்டுபோக வேண்டியது உள்ளே அணியும் கம்பளி உடை. பருத்தி உடை ஒருமுறை நனைந்தால் வேலை முடியும்வரை உடம்பில் ஒட்டிக்கொண்டு குளிரவைக்கும். மெல்லிய கம்பளிக் கையுறைகள் நான்கு ஜோடியாவது எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை உள்ளே அணிந்து, மேலே ரப்பர் கையுறை போடுவதே வழக்கம். கடலடியில் சுழியத்தை ஒட்டிய வெப்பநிலையில் கிடந்த மீனை ஒரு மணி நேரம் தொடர்ந்து கையாண்டால், விரல் நுனிகள் முதலில் வலிக்கும், பிறகு மரத்துப்போகும். மரத்துப்போன விரல் தவறாக அளக்கும். ஆகவே கையுறையை மாற்றுவதற்கு வேலையை நிறுத்த வெட்கப்பட வேண்டாம்.

கடல் மயக்கத்தைப் பற்றி ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எனக்குப் பயன்பட்டது இது மட்டுமே: வட நார்வேயின் ட்ரோம்சோ துறைமுகத்திலிருந்து கப்பல் ஃபியோர்டை, அதாவது மலைகளுக்கிடையே உள்நுழைந்த குறுகிய கடற்கழியைத் தாண்டி வெளிக்கடலுக்கு வரும்வரை காத்திருக்காமல், முந்தைய இரவே மாத்திரையைப் போட்டுக்கொள்வது, வயிற்றைக் காலியாக விடாமல் உலர்ந்த ரொட்டியையாவது அடிக்கடி மெல்வது, முடியாதபோது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் படுத்துக்கொள்வது. மாத்திரை தூக்கம் வரவழைக்கும் என்பதால், கத்தி பிடிக்கும் வேலைக்கு முன் அதைக் குழுத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும்.

கப்பலில் இருக்கும் முறை

முதல் நாளிலேயே பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். மிதவை உடையை அணியும் பயிற்சியை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் அறையிலிருந்து கூடுமிடத்துக்குச் செல்லும் வழியை விளக்கில்லாமலும் நடக்கும் அளவுக்கு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வலைத் தளத்துக்குத் தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் இல்லாமலும், மாலுமிகள் அழைக்காமலும் போகக் கூடாது. இறுகி நிற்கும் கம்பிவடத்துக்கு அருகிலோ, வளைந்து கிடக்கும் கயிற்றுக்குள்ளோ கால் வைக்கவே கூடாது.

வேலை பெரும்பாலும் ஆறு மணி நேரம், பிறகு ஆறு மணி நேரம் ஓய்வு என்று இரவு பகலாக மாறிமாறி வரும். ஓய்வு ஆறு மணி என்றாலும், உண்ணவும் குளிக்கவும் போனது போக நான்கரை மணி நேரத் தூக்கம் கிடைத்தால் அதிகம். ஆகவே ஒரு நாளின் தூக்கத்தை இரண்டு துண்டாக எடுக்கப் பழக வேண்டும். முதல் வாரத்தில் ஓய்வு நேரத்தைத் திமிங்கிலம் பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் செலவழித்துவிட்டு, இரண்டாம் வாரத்தில் தராசின் எண்ணைத் தலைகீழாகப் படித்தவர்களைக் கண்டிருக்கிறேன். எந்த நேரத்திலும் கப்பலில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதால் நடைவழியில் உரக்கப் பேசாதீர்கள். கதவைச் சாத்தும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே சாத்துங்கள். மீன் ஆய்வறைப் பூட்ஸோடு உணவறைக்குள் நுழைவதைப் போல மாலுமிகளின் கோபத்தைக் கிளறும் செயல் வேறில்லை. உணவறையில் மாலுமிகள் வழக்கமாக அமரும் இருக்கைகள் உண்டு. எது காலி என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். மது பெரும்பாலும் தடை. உணவு தாராளமாகவே இருக்கும். சனிக்கிழமைகளில் பாலில் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி வரும். அதன்மேல் வெண்ணெயும் சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவி உண்பார்கள். ஊறுகாய் தேடும் நம் நாக்குக்கு அது முதலில் பாயசம் கெட்டுப்போனது போலத் தோன்றும். மூன்றாம் சனிக்கிழமை நீங்களே இரண்டாம் முறை வாங்குவீர்கள்.

மடி மேலே வந்ததும்

அடித்தள மீன்களுக்குப் பயன்படும் வலை கேம்பலன் 1800 என்னும் இறால் இழுவலை. மீன் சேரும் அதன் கடைசிப் பையான மடியின் கண் 22 மி.மீ. மட்டுமே என்பதால், வணிக வலையிலிருந்து தப்பிவிடும் குஞ்சுகளும் இதில் தங்கும். தரையைத் தொட்டபின் மூன்று நாட் வேகத்தில் 15 நிமிடம் மட்டுமே இழுப்பார்கள். வலையை இருபுறமும் விரித்துப் பிடிக்கும் பலகைகளுக்கு இடையிலான விரிவையும் வலையின் வாய் உயரத்தையும் உணரிகள் மேலே தெரிவித்துக்கொண்டிருக்கும். வலை ஒழுங்காக விரியாமல் போனால், எவ்வளவு மீன் வந்தாலும் அந்த இழுப்பு செல்லாது. நிறையப் பிடிப்பது இங்கே நோக்கமன்று. ஒவ்வோர் இடத்திலும், ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரியாகப் பிடிப்பதே நோக்கம்.

மடியை அவிழ்த்ததும் மீன்கள் தளத்திலுள்ள திறப்பு வழியாகக் கீழே தொட்டிக்குள் கொட்டும். அங்கிருந்து ஓடும் பட்டையில் வருவதை இனம் பிரித்துக் கூடைகளில் போட வேண்டும். முதல் கூடை நிறைவதற்கு முன்பே ஒருவர் பட்டையின் கடைசியில் நின்று, மற்றவர்கள் விட்ட சிறு மீன்களையும் இறால்களையும் பொறுக்கட்டும். புதியவருக்கு அதுவே நல்ல இடம், ஏனெனில் இனங்களின் வேறுபாடு அங்கேதான் கண்ணுக்குப் பழகும். மீன் மிகுதியாக இருந்தால் முழுவதையும் அளக்க முடியாது. மொத்தத்தை எடைபோட்டுவிட்டு ஒரு பகுதியை மட்டும் அளந்து, அந்த விகிதத்தால் பெருக்குவார்கள். இங்கேதான் கை தன்னையறியாமல் ஏமாற்றும்: கூடையில் கைவிட்டால் பெரிய மீன்தான் முதலில் அகப்படும். ஆகவே மீனைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு கூடையை அப்படியே முழுதாக எடுத்து, அதிலுள்ள கடைசி மீன்வரை அளந்து முடியுங்கள்.

அளக்கும்போது மூக்கு நுனி பலகையின் முட்டுச் சுவரைத் தொட வேண்டும்; வாய் மூடியிருக்க வேண்டும்; வாலை இயல்பாக நேராக்கி அதன் நுனிவரை படிக்க வேண்டும். காட், ஹேடக் மீன்களுக்கு முழு செ.மீ.யும் கேப்பலினுக்கு அரை செ.மீ.யும் கணக்கு, இரண்டிலும் எப்போதும் கீழ்நோக்கியே எடுக்க வேண்டும். அதாவது 13.9 செ.மீ. உள்ள கேப்பலின் 13.5 என்றே பதிவாகும். அது பாவம், 14 என்று போட்டுவிடலாமே என்று இரக்கப்படுகிறவர், தம்மை அறியாமலே ஒரு குஞ்சு மீனைத் தாயாக்கிவிடுகிறார். மின்னணு அளவுப் பலகையில் எழுதுகோல் போன்ற ஒன்றால் தொட்டதும் எண் கணினிக்குப் போய்விடும். வசதிதான், ஆனால் கையிலிருந்து வழியும் நீரும் மீனின் வழவழப்பும் அடுத்த கோட்டில் தொடவைக்கும். இருபது மீனுக்கு ஒருமுறை பலகையைக் கழுவுங்கள், எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

செவிக்கல்

குறிப்பிட்ட நீளப் பிரிவுக்கு ஒன்று என்று கையேடு சொல்லும் கணக்கில் சில காட் மீன்களைத் தனியே எடுத்து, எடை, ஆணா பெண்ணா என்பது, முதிர்ச்சி நிலை, இரைப்பை ஆகியவற்றோடு, உள்காதிலுள்ள சிறு கல்லான செவிக்கல்லும் எடுப்பார்கள். கத்தாழை மீனின் தலையில் கல் இருக்கும் என்று நம் மீன் சந்தையில் தெரியாதவர் இல்லை. காட் மீனுக்கும் அதே கல்தான், அவரை விதையைப் போல வெளுத்து, ஓரம் நெளிநெளியாக இருக்கும். கண்களுக்குச் சற்றுப் பின்னால், தலையின் மேற்புறத்தைக் குறுக்காக வெட்டுங்கள். ஆழம் மிகுந்தால் கல் நொறுங்கும், குறைந்தால் மண்டையோடு திறக்காது. சரியான ஆழத்தில் கத்தி நிற்கும்போது, எலும்பின் கடினம் சட்டென்று விட்டுக்கொடுப்பதைக் கை உணரும். பிறகு முகத்தைக் கீழ்நோக்கி வளைத்தால், மூளைக்குக் கீழே இருபுறமும் உள்ள பைகளில் இரண்டு கற்களும் தெரியும். இடுக்கியால் எடுத்து, சுற்றியுள்ள சவ்வை விரல்களுக்கிடையே தேய்த்து நீக்கி, துடைத்து, எண்ணிட்ட உறையில் போடுங்கள். ஒரு கல்லை நடுவில் உடைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், கோடையும் குளிரும் மாறிமாறி வளையமிட்டிருப்பதைக் கொண்டு வயதை எண்ணுவார்கள்.

என் முதல் பயணத்தில் ஓர் உறையைத் தவறவிட்டு, அடுத்த மீனின் கற்களை அதற்கு முந்தைய எண்ணில் போட்டுவிட்டேன். அதன்பிறகு வந்த ஒவ்வொன்றும் ஓர் எண் தள்ளியே போனது. கடைசியில் ஓர் உறை மிஞ்சியபோதுதான் தெரிந்தது; எந்த இடத்தில் பிசகியது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாததால் வலை இழுத்த அந்த இடத்தின் வயதுக் கணக்கு முழுவதையும் விட்டுவிட நேர்ந்தது. அதற்குள் கப்பல் வடக்கே வெகு தூரம் போயிருந்தது. அன்று முதல், மீனை வெட்டும் முன்பே உறையின் எண்ணையும் திரையின் எண்ணையும் சேர்த்துப் படிப்பது என் வழக்கம்; ஐந்து மீனுக்கு ஒருமுறை அருகிலிருப்பவரிடமும் கேட்டு உறுதிசெய்வேன்.

இரைப்பையை எடுக்கும்போது, அது வாய்வழியாக வெளித்தள்ளியிருந்தால் அந்த மீனை இரைக் கணக்குக்குச் சேர்க்க வேண்டாம், தின்றதைக் கக்கியிருக்கும். காட் மீனின் வயிற்றுக்குள் கேப்பலினும் இறாலும் சில நேரம் சின்னக் காட் மீனுமே இருக்கும். இரு நாடுகளும் இந்த இரைப்பை விவரங்களை 1984 முதல் ஒரே தொகுப்பாகச் சேர்த்து வருகின்றன.

கையையும் கண்ணையும் காப்பது

ஓநாய் மீன் செத்தது போலக் கிடந்து கடிக்கும்; சிப்பியை நொறுக்கும் பல் அது. தலைப்பக்கம் கை வைக்காமல், கருவியால் நகர்த்துங்கள். ரெட்ஃபிஷ் மீனின் முதுகு முட்கள் ரப்பர் கையுறையைத் துளைக்கும். நடுநீரில் குஞ்சு மீன்களுக்காக இழுக்கும் வலையில் சிங்கப்பிடரிச் சொறி என்னும் ஜெல்லிமீன் குவியலாக வரும். அதன் துண்டுகள் சிதறிக் கண்ணில் பட்டால் அன்றைய வேலை முடிந்தது என்று கொள்ளலாம், ஆகவே கண்ணாடி அணியாமல் அந்தத் தொட்டியருகே போகாதீர்கள், சொறி பட்ட கையுறையால் முகத்தைத் துடைக்காதீர்கள். நார்வேயின் வடமேற்கே ட்ரோம்சோஃப்ளாக்கெட் மேட்டில் வலையை இழுத்தால், பெரிய கடற்பஞ்சுகள் கூடை கூடையாக வரும். பார்க்க மெத்தென்றிருந்தாலும் அவற்றின் உடலில் கண்ணாடி ஊசிகள் நிறைந்திருக்கும். தோலில் ஏறினால் நாட்கணக்கில் அரிக்கும்.

வார்டோ, போட்ஸ்ஃபியோர்டு போன்ற வடகோடி ஊர்களின் மீன் ஆலைகளில் 1980களில் ஈழத்தமிழர் பலர் வேலைக்கு வந்து சேர்ந்தனர். எனவே மீன் கத்தி பிடித்த தமிழரைக் கண்டு அந்தப் பக்கத்து மாலுமிகள் பெரிதாக வியப்பதில்லை. கத்தி தீட்டிக்கொடுக்கச் சொன்னால் மகிழ்ச்சியோடு செய்வார்கள். மழுங்கிய கத்தியே கையை அதிகம் வெட்டுகிறது.

ஓய்வில் ஒரு மணி நேரம் மிச்சமிருக்கும் நாளில், எதிரொலிக் கருவிகள் இருக்கும் அறைக்குப் போய், அனுமதி கேட்டு உட்காருங்கள். 38 கிலோஹெர்ட்ஸ் ஒலி கீழே போய்க் கேப்பலின் கூட்டத்தில் பட்டுத் திரும்புவது திரையில் மேகம் போலத் தெரியும். அந்த மேகம் எத்தனை மீன் என்று மாற்றிச் சொல்வதற்கு, நீங்கள் கீழே அளந்த நீளங்களே தேவைப்படுகின்றன. 2003இல் கட்டப்பட்ட ஜி. ஓ. சார்ஸ் கப்பல், மீன்களைக் கலைக்காதபடி நீருக்கடியில் ஓசை குறைவாக இருக்குமாறு வடிவமைக்கப்பட்டது. ஆனால் எந்த ஆய்வுக் கப்பலிலும் வலையின் கம்பிவடத்தைச் சுருட்டும் விஞ்ச் சுழலத் தொடங்கினால் மேலே தூங்குபவரின் கட்டில் அதிரும், காதடைப்பான் கொண்டுபோங்கள்.

கடைசி நாளில் கழுவும் வேலை தவிர வேறொன்றும் இல்லை என்று எண்ணிப் பலர் தளர்ந்துவிடுவார்கள். உறைபெட்டியிலுள்ள ஒவ்வொரு பையின் எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட்டு, பெட்டியின் வெளியே ஈரத்தில் அழியாத மையால் எழுதி, உள்ளேயும் ஒரு பட்டியல் வைத்த பிறகே மேலாடையைக் கழற்றுங்கள். செவிக்கல் உறைகள் முழுதும் உலர்ந்தனவா என்று தொட்டுப் பாருங்கள். ஈரத்தோடு மூடினால் கற்கள் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். துறைமுகத்தில் இறங்கியதும் இரண்டு நாளுக்குத் தரை ஆடுவது போல இருக்கும். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்குங்கள்.