விழிப்புணர்வு போஸ்டர்ல இந்த வரியை எழுதாதீங்க

குப்பை போடாதீங்க, தண்ணியை வீணாக்காதீங்கன்னு போஸ்டர் ரெடி பண்றவங்க ஒண்ணு கவனிங்க, "நிறைய பேர் இப்படித்தான் பண்றாங்க"ன்னு வருத்தப்பட்டு எழுதவே எழுதாதீங்க. அமெரிக்காவுல அரிசோனாவுல, பல கோடி வருஷத்துல கல்லா மாறின மரங்கள் இருக்கற பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் பார்க்ல, உளவியல் ஆராய்ச்சியாளர் சியால்டினியோட டீம் இதை டெஸ்ட் பண்ணாங்க, முன்னாடி வந்தவங்க நிறைய பேர் கல்லான மரத்துண்டை எடுத்துட்டு போயிட்டாங்கன்னு போர்டு வெச்சப்போ, அடையாளம் போட்டு வெச்ச துண்டுகள்ல கிட்டத்தட்ட 8% காணாம போச்சு, தயவுசெஞ்சு எடுக்காதீங்கன்னு மட்டும் கேட்டப்போ 2%கூட இல்ல! எல்லாரும் பண்றாங்கன்னா நாமளும் பண்ணலாம்னு மனசு சொல்லிடும், கடையில "அதிகம் விற்பனையாகுது"ன்னு போடறதும் இதே கணக்குதான். சரியா செய்றவங்கதான் அதிகம்னு உண்மையான நம்பர் இருந்தா அதை பெருசா போடுங்க, இல்லன்னா நம்பரே வேணாம், என்ன செய்யணும்னு மட்டும் நேரா சொல்லுங்க.