இரண்டு குழலையும் பாருங்கள்

காரைக்குடி வீட்டில் அப்பச்சியின் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைக்க எடுத்தேன். ஒரு தோட்டாவை உருவியதும் போன் வந்தது. பேசிவிட்டு வந்து, காலி என்று நினைத்து விசையை அழுத்தினேன். இடக்குழல் வெடித்து, முகப்பில் ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்று சிதறியது. சற்று முன்புதான் ஆத்தா அங்கே உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரி, இப்போது செய்வது இது. எடுத்ததுமே குழல்முனை ஆளில்லாத பக்கம்; விரல் விசையில் படாது. மடக்கித் திறந்து, குழலடியில் தோட்டா உட்காரும் இரண்டு துளையையும் வெளிச்சத்தில் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவுவேன். நடுவில் எழுந்து போனால், திரும்பி வந்து முதலிலிருந்து. பாதுகாப்புப் பூட்டை மட்டும் நம்பாதீர்கள், பழசானால் தவறும். தோட்டா, வீட்டின் வேறு அறையில், பூட்டிய பெட்டியில். அப்புறம், சுட்டும் வெடிக்காவிட்டால் உடனே திறக்க வேண்டாம். முனையை மண்மேட்டுப் பக்கமே பிடித்து 30 விநாடியாவது பொறுங்கள், தாமதமாக வெடிப்பதுண்டு.